எஸ்தரின் வயிற்றில் கட்டியிருந்த பெட்டி

சகோதரங்களே, யுத்தம் உச்சத்தில் இருந்த ஒரு மாசி மாதம் எனக்கு இரண்டாவது பிள்ளை தங்கியது. சந்தோஷப்பட வேண்டியவள், கிணற்றடியில் குந்தியிருந்து அழுதேன்.

காரணம் மூத்தவள் எஸ்தர். ஐந்து வயது. தலசீமியா என்ற இரத்த நோய். மாதாமாதம் யாராவது ஒருவருடைய இரத்தம் ஏற்றினால்தான் அவளுக்கு உயிர். அப்படி ஏற்றுவதால் உடம்பில் இரும்பு சேரும். அதை இறக்க, சின்ன பற்றரிப் பம்ப் ஒன்றை வயிற்றில் ஊசியால் பொருத்தி விடிய விடிய ஓடவிட வேண்டும்.

என் கணவர் எனக்குத் தாய்மாமன். மலைநாட்டிலிருந்து முருங்கன் பக்கம் வந்து குடியேறிய எங்கள் சனத்தில் அது வழக்கம். அக்கம்பக்கத்தார் “மாமனைக் கட்டினா இப்பிடித்தான்” என்று வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். எஸ்தரைப் பார்க்கும் டொக்டரம்மா அப்படிப் பேசவில்லை. எங்கள் இருவர் இரத்தத்திலும் அந்தக் குறை மறைந்திருக்கிறது, அடுத்த பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று விளக்கினார்.

“கொழும்பில கர்ப்பப்பைக்குள்ள இருந்து துளி எடுத்துச் சோதிச்சுச் சொல்லுவினம். ஆனா மூண்டாம் மாசம் முடிய முதல் போகவேணும்.”

எப்படிப் போவது? இராணுவம் தரும் பாஸ் இல்லாமல் ஊரைவிட்டு அசைய முடியாது. பாதை ஒரு நாள் திறக்கும், மறுநாள் மூடும். பின்னால் கடல், முன்னால் முள்ளுக்கம்பி. நடுவில் யாருக்காகவும் காத்திராமல் வளரும் என் வயிறு. பொறியில் விழுந்த எலிக்கும் எனக்கும் வித்தியாசமில்லை.

ஜெபவீட்டிலும் மூச்சுவிட முடியவில்லை. கூட்டம் நடத்தும் அக்கா, “தங்கச்சி, தேவன் தந்த பிள்ளையை ஊசி குத்திப் பார்க்கிறது அவிசுவாசம்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எஸ்தருக்கு ஊசி குத்துறப்ப வந்து அவ கையப் புடிச்சுக்கிட்டு இருங்கக்கா. பொறகு பேசுவோம்” என்றேன்.

என் கணவர், மாமாதான் என்னை மடக்கினார். “நோய் இருக்குன்னு சொன்னா என்ன செய்வ புள்ள?”

கருவைக் கலைக்கச் சட்டத்தில் இடமும் இல்லை, எனக்கு மனமும் இல்லை. ஆனால் எஸ்தரின் நோய் தெரியவரும்போதே அவள் வெளிறி, வயிறு வீங்கிப் போயிருந்தாள். இன்னொரு பிள்ளையை அப்படிக் குருட்டாம்போக்கில் வளர்க்க என்னால் முடியாது. “ஆண்டவரே, ஒன்று வழியைத் திறவும், அல்லது எனக்குள் கேட்கும் இந்தக் கேள்வியை நிறுத்தும்” என்று கோபமாகவே ஜெபித்தேன்.

மூன்றாம் மாதம் முடியப்போகும் நேரத்தில் பாஸ் கிடைத்தது. பாஸ் வரிசையிலேயே கிடந்ததால் புறப்படுவதற்கு முந்தைய இரவு எஸ்தருக்குப் பம்ப் போடவில்லை. காலையில் பொருத்திக்கொண்டே புறப்பட்டோம்.

சோதனைச்சாவடியில் ஒரு பெண் சிப்பாய் அவள் சட்டையைத் தூக்கினாள். பற்றரிப் பெட்டி, குழாய், வயிற்றில் பிளாஸ்டர். அவ்வளவுதான், தற்கொலைக் குண்டென்று நினைத்து அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். சனம் சிதறியது. துவக்குகள் எங்களை நோக்கித் திரும்பின. எஸ்தரை இறுக்கிக்கொண்டேன். எனக்குச் சிங்களம் வராது. “இயேசுவே” என்பதைத் தவிர வேறு வார்த்தையும் வரவில்லை.

“அம்மா, மருந்து இன்னும் முடியல” என்றாள் பிள்ளை.

அப்போது ஒரு சிப்பாய் கத்திக்கொண்டு ஓடிவந்து துவக்குகளுக்கு முன்னால் நின்றான். பிறகு எஸ்தருக்கு முன் முழங்காலிட்டுப் பெட்டியைப் பார்த்தான்.

“பயம் வேணாம். அக்கா மகன்… இதே பெட்டி” என்றான் அரைகுறைத் தமிழில். கழன்றிருந்த பிளாஸ்டரை மெல்ல ஒட்டினான். பழகிய கை. அவனே எங்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

கொழும்பில், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இந்தச் சோதனை செய்திருக்க முடியாது என்றார்கள். பிறகு முருங்கன் தொலைபேசிக் கடைக்கு முடிவு வந்தது. பிள்ளைக்கு நோய் இல்லை; எங்களைப்போல குறையைச் சுமப்பது மட்டும்தான். மாமா கடை வாசலிலேயே இருந்து அழுதார். பிறந்தவனுக்கு தானியேல் என்று பேர் வைத்தோம்.

எஸ்தர் பெரியவளாகிவிட்டாள். இப்போதும் இரத்தம் ஏற்றுகிறாள், ஊசியைத் தானே போடுகிறாள். அவளைச் சுகப்படுத்தச் சொல்லி ஜெபித்தபோதெல்லாம் பதில் வரவில்லை என்று சண்டை போட்டவள் நான். நான் கேட்ட வழி முன்பின் தெரியாத ஒருவன் கையால் திறந்ததற்காக இன்று ஸ்தோத்திரம் சொல்கிறேன். சோதனைக்குப் போக வேண்டியவர்கள் பயப்படாமல் போங்கள், ஜெபித்துக்கொண்டே போங்கள்.

அந்தச் சிப்பாயின் பெயர் எனக்குத் தெரியாது. அவன் அந்த யுத்தத்திலிருந்து வீடு திரும்பினானா, அதுவும் தெரியாது. எங்கோ ஒரு வீட்டில் அவன் அக்காவும் தன் மகனுக்கு ஊசி குத்திவிட்டு என்னைப்போல விழித்திருந்திருப்பாள். எனக்காக நன்றி செலுத்துகிறவர்கள், முதலில் அவளுடைய அந்தப் பிள்ளைக்காக முழங்காலிட்டு ஜெபியுங்கள்.