விட்டுப்போன கம்பி

எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் காயில் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. பட்டறையில் எல்லோருக்கும் அவள் காயிலக்கா. முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். தண்ணீர் மோட்டாரோ மின்விசிறியோ, மூடியைக் கழற்றி மோந்து பார்த்தே எந்தப் பக்கம் தீய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பட்டறையில் அவளுக்கு ஒரு பெயராவது இருந்தது. வீட்டில் அவள் வெறும் 'ஏய்'.

அவள் கணவர் மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிறவர். அப்படியொரு தொண்டை. லாரி இறங்கும் இரைச்சலையும் மீறி, சந்தையின் கடைக்கோடி வரை கேட்கும். அதனாலேயே அவருக்கு வெண்கலம் என்று பெயர் விழுந்தது. வெளியே மரியாதை வாங்கித் தந்த அந்தக் குரல் வீட்டுக்குள் நுழைந்தால் பாத்திரங்கள்கூட அடங்கிக் கிடக்கும். ஒருநாளும் கை ஓங்கியதில்லை. அதற்குத் தேவையும் இருந்ததில்லை. வாயாலேயே நார்நாராகக் கிழித்துவிடுவார். சோறு ஆறியிருந்தால் ஒரு பாட்டு, சூடாக இருந்தால் ஒரு பாட்டு. செத்துப்போன அவள் அப்பாவை இழுக்காமல் ஒரு நாள் முடிந்ததில்லை. மகள் பரீட்சைக்குப் படிக்கும்போதெல்லாம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்தாள். படித்து முடித்ததும் தூரத்து ஊரில் வேலை தேடிக்கொண்டு போனாள். ஏன் அவ்வளவு தூரம் என்று அம்மா கேட்கவில்லை.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. முதலில் குரல் கம்மியது. சந்தைப் புழுதி என்றார். பிறகு விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டு, மூச்சுக்குக் கழுத்தின் நடுவில் ஒரு துளை வைத்தார்கள். உயிர் பிழைத்தார். சத்தம் போனது.

புண் ஆறியதும், பேச்சுப் பயிற்சி தரும் நர்ஸ் ஒரு கருவியைக் கொடுத்தார். பார்க்கக் கைவிளக்கு மாதிரி இருக்கும். அதன் முனையைத் தாடைக்கு அடியில் அழுத்தி, பொத்தானை அமுக்கிக்கொண்டு வாயை அசைக்க வேண்டும். கருவியின் அதிர்வு வாய்க்குள் போய்ச் சொல்லாக வெளியே வரும். பெட்டிக்குள் அடைத்த வண்டு பேசுவது போலிருக்கும், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல். பல நாள் முயன்று, ஒரு மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்தபடி அவர் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை 'ஏய்'. அதைக் கேட்டு அவள் வார்டிலேயே அழுதாள். நடிப்பில்லை, சந்தோஷத்தில்தான் அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பழைய கதை தொடங்கியது. சந்தைக்குப் போக முடியாத ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. முன்பாவது குரலை வைத்துக் கோபம் எவ்வளவு என்று அவளால் கணக்கிட முடியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து ஒதுங்கிக்கொள்வாள். இப்போது தண்ணீர் கேட்பதும் அதே ரீங்காரம், 'உன் அப்பன் உன்னைப் பெத்ததுக்குப் பதிலா' என்று ஆரம்பிப்பதும் அதே ரீங்காரம். முழுவதும் கேட்டால்தான் எது என்று தெரியும். ஆகவே எல்லாவற்றையும் முழுவதும் கேட்டாள்.

ஒருநாள் பட்டறையில் அவசர வேலை. இருட்டத் தொடங்கும்போதுதான் வீட்டுக்கு வந்தாள். அவர் நாற்காலியில் தயாராக இருந்தார். டீக்கு அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து அது கொதிக்கும் வரை பேசினார். பட்டறையில் யாருடன் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அவர் கேட்டபோது, அவள் திரும்பி,

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டுல கேக்குது," என்றாள்.

கையில் இருந்ததைத் தூக்கி எறிந்தார். கையில் இருந்தது அந்தக் கருவி. அவள் காதோரமாகப் போய்க் கதவு நிலையில் மோதிக் கீழே விழுந்து, கட்டிலுக்கடியில் உருண்டது. எடுக்கக் குனிந்ததும் அவர்தான். கழுத்தில் வைத்தார். பொத்தானை அமுக்கினார். உதறினார். மறுபடியும் அமுக்கினார். வாய் மட்டும் அசைந்தது.

டீயை வடிகட்டி அவர் முன்னால் வைத்தாள். அவர் அலமாரியிலிருந்து திருப்புளியை எடுத்து வந்து, கருவியோடு சேர்த்து அவள் கையில் திணித்தார்.

மூடியைக் கழற்றிய மாத்திரத்தில் பழுது தெரிந்தது. பேட்டரியிலிருந்து காயிலுக்குப் போகிற கம்பி பற்றவைத்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. ஒரு சொட்டு ஈயம் வைத்தால் தீர்ந்தது. ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் அலமாரியிலேயே இருந்தது. அவள் நிமிர்ந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

"உள்ள ஒரு பார்ட் போயிருக்கு," என்றாள். "தேடித்தான் வாங்கணும்."

மூடியை மாட்டி மறுபடி முடுக்கினாள். அதைச் சொல்லப் போகிறாள் என்று அந்த நொடி வரை அவளுக்கே தெரியாது.

விஷயம் கேள்விப்பட்ட மகள் போனில் சொன்னாள்: "எதுக்கும்மா அதோட மல்லுக்கட்டிக்கிட்டு? புதுசு வாங்கிடலாம். நானே அனுப்பி வைக்கிறேன்."

"வேண்டாம்மா. புதுசு அவருக்குப் பழகணும், சிரமம். நானே பார்த்துடறேன்."

"உன்னால முடியுமா?"

"இதைவிடப் பெரிசெல்லாம் பார்த்திருக்கேன்."

பக்கத்தில் நின்று கேட்ட அவரும் தலையாட்டினார். அவளுடைய வேலையை அவர் மதித்து அவள் பார்த்தது அன்றுதான்.

அதன்பின் தினமும் சாயங்காலம் அவள் கருவியைப் பிரித்து உட்கார்ந்தாள். பிரிப்பாள், துடைப்பாள், மீட்டர் வைத்துப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், மூடுவாள். அவர் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். சிறிய திருகாணிகளைத் தன் உள்ளங்கையில் வாங்கி, ஒன்றும் கீழே விழாமல் பார்த்துக்கொள்வார். எழுத்து அவருக்கு வராது. சந்தையில் எண்களோடு வாழ்ந்தவர். பேச்சில்லாமல் தெருவில் இறங்கவும் கூச்சம். ஏதாவது வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவார். டீ தாமதமானால் தட்டுவார். கோபம் வந்தால் சுவரில் சொம்பால் இடிப்பார். முதலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு டெய்லரம்மா பிறகு எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

அவளுக்கு அந்தச் சத்தம் உறைக்கவே இல்லை. தட்டு தட்டுதான், அதற்கு அப்பனைத் தெரியாது, ஆத்தாளைத் தெரியாது. ராத்திரி நன்றாகத் தூங்கினாள். பட்டறையில் ஒருத்தி, "காயிலக்கா, உடம்பு தேறிட்டீங்க," என்றாள். கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒருநாள் வேலை முடிந்து வந்தால் மேஜையில் டீ போட்டு மூடி வைத்திருந்தது. அவர் போட்டது. சர்க்கரை தூக்கல். நின்றபடியே குடித்தாள். போதும், பாவம் என்று அலமாரியிலிருந்து அயர்னை எடுத்துச் சூடேற்றினாள். முனையில் புகை வந்தது. ஈயக் கம்பியைக் கையில் எடுத்தபோது, தான் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பது அவள் காதிலேயே விழுந்தது. கல்யாணத்துக்கு முன் முணுமுணுத்தது. அயர்னின் ஒயரைப் பிடுங்கினாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள்.

அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தது ஒரு காலை. அவள் பட்டறைக்குப் போன சிறிது நேரத்தில் விழுந்திருக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நகர முடியவில்லை. கத்துவதற்குத் தொண்டை இல்லை. கைக்கு எட்டியது தகர வாளி மட்டும். அதைத் தரையில் அடித்தார். சுவரில் அடித்தார். மாலையில் அவள் கதவைத் திறந்தபோது அடி நின்று வெகுநேரமாகியிருந்தது. ஈரத்தில் கிடந்தார். வாளி நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. கழுத்துத் துளையில் மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் டெய்லரம்மா ஓடி வந்தாள். வாளியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சத்தம் கேட்டுச்சுக்கா," என்றாள். "காலையிலேர்ந்து கேட்டுச்சு. எப்பவும் போல கோவத்துல அடிக்கிறாருன்னு இருந்துட்டேன்."

"உன் மேல தப்பில்ல," என்றாள் அவள்.

மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் துணியை எடுக்கவில்லை. நேரே அலமாரிக்குப் போனாள். அயர்ன் சூடேறும் வரை பக்கத்திலேயே நின்றாள். கம்பியின் நுனியைச் சுரண்டி, இடத்தில் வைத்து, ஒரு சொட்டு ஈயம் வைத்தாள். ஊதினாள். பொத்தானை அமுக்கியதும் வண்டு கத்தியது. அவ்வளவுதான் வேலை. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும் வேலை. கருவியை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

வார்டில் அவர் கருவியைப் பார்த்ததும் கை நீட்டினார். அவளே தாடைக்கடியில் வைத்துப் பிடித்தாள்.

"தண்ணி," என்றார்.

கொடுத்தாள். குடித்துவிட்டு, கருவியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"பார்ட் கிடைச்சுதா?"

பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "பார்ட் ஒண்ணும் போகல. கம்பி ஒண்ணு விட்டுப்போயிருந்துச்சு."

"எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

அவர் மேலே சுழன்ற விசிறியைப் பார்த்தார். பிறகு கருவியை அழுத்தி, "நான் விளக்கு பிடிச்சேன்," என்றார்.

கோபமா, அழுகையா, வெறும் சொல்லா, அந்த ரீங்காரத்தில் எதுவும் பிடிபடவில்லை. "ஆமாங்க," என்றாள். அவர் கருவியைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை. அவள் பட்டறையில் சொல்லிவிட்டு வீட்டோடு இருந்தாள். துடைத்தாள், புரட்டிப் படுக்க வைத்தாள், கழுத்துத் துளையைச் சுத்தம் செய்தாள். டாக்டர் வந்தால் அவர் பேசுவார். போனில் மகளோடு பேசுவார், 'நல்லா இருக்கேன்' என்பார். மன்னிப்புக் கேட்க வந்த டெய்லரம்மாவிடம்கூட, அதெல்லாம் வேண்டாம் என்று பேசினார். அவளிடம் மட்டும் பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் விரலைக் காட்டுவார். ஒரு திட்டு, ஒரு 'ஏய்' கிடையாது. கருவி அவர் மார்பின் மேலேயே கிடக்கும். அவள் அறைக்குள் வந்ததும் அதன் மேல் இருக்கும் கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். திட்டிவிட்டாலாவது தேவலை என்று அவள் நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஒரு தடவை வேண்டுமென்றே உப்பில்லாமல் கஞ்சி கொடுத்துப் பார்த்தாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியது. மறுபடியும் ஆஸ்பத்திரி. இந்த முறை கருவியை அழுத்தவும் தெம்பில்லை. ஒரு விடியற்காலை, அவள் துணி பிழிந்து வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு, மகள் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகளின் நான்கு வயதுப் பெண் தரையில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தது. மகள் கேட்டாள்:

"அப்பா கடைசியில உன்கிட்ட என்னம்மா பேசினார்?"

அவள் மறைக்கவில்லை. கம்பியைச் சொன்னாள், விளக்குப் பிடித்ததைச் சொன்னாள், வாளியைச் சொன்னாள். மகள் மடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"நான் புதுசு அனுப்பறேன்னு சொன்னேனேம்மா."

"சொன்ன."

"அப்பா பேசின பேச்சு எனக்குத் தெரியாதாம்மா? நானும் அதுலதான வளர்ந்தேன்." மடித்த சட்டையை மறுபடி உதறினாள். "ஆனா அவ்வளவு நேரம் அந்த ஈரத்துல..." என்று சொல்லிவிட்டு முடிக்காமல் எழுந்து போய், ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளர்களை மறுபடி கழுவினாள்.

மகள் இப்போதும் வருகிறாள். வரும்போது மருந்து, பழம், வீட்டுச் சாமான் எல்லாம் வாங்கி வருகிறாள். அம்மாவுக்கு ஒரு குறை வைப்பதில்லை. குழந்தையை மட்டும் அழைத்து வருவதில்லை. ஸ்கூல் இருக்கும்மா, சளி பிடிச்சிருக்கும்மா என்று ஏதாவது சொல்வாள். காயிலக்கா சரி என்பாள். மகளை பஸ் ஏற்றிவிட்டு, நேராகப் பட்டறைக்குப் போய், காத்திருக்கும் மோட்டாரின் மூடியைக் கழற்ற உட்காருவாள்.