எழுப்ப விடாதவள்

குதிகாலை ஊன்றி, பாரத்தை மெல்ல விரல் நுனிக்குக் கொண்டுவருகிறாள் சரிதா. பிறகு அடுத்த கால். தரையில் உருவம் செதுக்கிய ஒரு பழைய மரக்கதவு கிடக்கிறது. கதவின் மேல் கறுப்பு மை, மையின் மேல் காடாத்துணி, துணியின் மேல் அவள். பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு, முழங்கை கிழிந்த ஆண்கள் ஸ்வெட்டரில், ஒரு விரற்கடை இடம் விடாமல் மிதித்துக்கொண்டே போகிறாள். வாசலில் யார் வந்து நின்றாலும் இறங்குவதில்லை. "உள்ள வாங்க, உக்காருங்க. நான் எறங்குனா துணி நகந்துடும்" என்று மிதித்தபடியே பேசுவாள்.

முகம் வரும் இடத்தில் மட்டும் அவள் கால் படாது. அங்கே மண்டியிட்டு, குழம்புக் கரண்டியின் முதுகால் தேய்க்கிறாள். "ஒருத்தரு மூஞ்சி மேல எப்படிங்க கால வெக்கறது?"

கோத்தகிரியில் ஒரு பேக்கரியில் விடியற்காலை தொட்டு மதியம் வரை வர்க்கி என்கிற மொறுமொறு ரொட்டிக்கு மாவு பிசைவது அவளுடைய சம்பள வேலை. மதியத்துக்கு மேல், பக்கத்து ஊரான கட்டபெட்டில், வீட்டின் முன்னறையில் மரம் செதுக்குவது அவளுடைய வேலை. இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லையா என்று கேட்டால் சிரிப்பாள். மாவு பிசைந்த கைக்குத்தான் உளி அடங்குமாம். லீவு நாளில் கை நடுங்குகிறதாம். மழைக்காலத்தில் மை காய்வதற்குள் துணியில் பூசணம் பிடித்துவிடும் என்பதால், பேக்கரி முதலாளியைக் கெஞ்சி அடுப்பறையில் துணி காயக் கொடி கட்டியிருக்கிறாள். அவள் படத்தில் மூக்கை வைத்தால் மையோடு வர்க்கி வாசமும் வரும்.

கும்பகோணத்தில் கவின்கலைக் கல்லூரியில் அச்சுப் பதிவு படித்தவள். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். மலைக்குத் திரும்புகிறேன் என்று இவள் சொன்னபோது, அங்கே அச்சு எந்திரம் ஏது என்று கேட்டார்கள். "கால் இருக்குதேன்னு சொன்னேன்" என்கிறாள். கற்பனை எப்போது தோன்றும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாள். "அது வர்றதுக்கு முன்னாடியே நான் வந்து உக்காந்திருப்பேன். அது வர்றப்ப வரட்டும்."

இத்தனை வருடங்களாக அவள் செதுக்குவது ஒன்றைத்தான்: தூங்கும் பெண்கள். ஆளுயரப் பெண்கள். லயம் என்று சொல்லும் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு இரும்புக் கதவு போட்டபோது விறகுக்குத் தள்ளிய மரக்கதவுகளைக் கேட்டு வாங்கி அடுக்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வாரம் ஒருத்தி வருவாள். சரிதா கதவைத் தரையில் போட்டு, அதில் அவளைப் படுக்கச் சொல்லி, உடம்பைச் சுற்றி சாக்பீஸால் கோடு இழுப்பாள். கோடு முடிவதற்குள் பாதிப் பேர் உண்மையாகவே தூங்கிவிடுவார்கள். "படுன்னு சொல்லி ஒருத்தரு கூப்புடறாங்க. போவாம இருப்பமா?" என்கிறாள் கொழுந்து பறிக்கும் தங்கமணி. இரண்டு கதவுகளில் படுத்தவள் அவள்.

படம் வாங்க ஓட்டல்காரர்கள் வராமல் இல்லை. அவர்கள் கேட்பது கொழுந்துக் கூடையும் சிரிப்பும். சரிதா கூடையே வரைவதில்லை. ஒரு தேயிலை இலைகூட அவள் படத்தில் கிடையாது. "அதெல்லாம் டீத்தூள் பாக்கெட்டுலயே போட்டிருக்காங்களே, அத மாட்டிக்கச் சொல்லுங்க" என்று அனுப்பிவிடுவாள்.

முதல் கதவில் படுத்தது அவள் அம்மா வீரம்மா. இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்து, இங்கேயும் கொழுந்துதான் பறித்தவர். சரிதாவுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா படுத்திருக்கிறார். பகல் வெளிச்சத்தில் அம்மா படுத்து அவள் பார்த்ததே இல்லை. காய்ச்சலில் முகம் சிவந்து கிடந்தது. நெற்றியில் ஈரத்துணி போடுவதற்குள் சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார். "வீரம்மா, ஆள் பத்தல. எந்திரி." வீரம்மா எழுந்தார். துணியை மடித்து மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் துணி சூடாக இருந்தது என்பதை மட்டும் சரிதா திரும்பத் திரும்பச் சொல்வாள்.

அம்மாவைக் கதவில் படுக்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. "பகல்ல படுத்தா லயத்து ஆக்கள் என்ன கதைப்பாங்க புள்ள?" என்று வீரம்மா பல வாரம் மறுத்தார். கடைசியில் ஒரு மத்தியானம், முட்டி வலிக்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு அவராகவே வந்து படுத்தார். கன்னத்துக்கு அடியில் கையை வைத்து, ஒரு காலை மடக்கி, விளக்கு வைக்கும் நேரம் வரை தூங்கினார். சரிதா கோடு போட்டு முடித்த பிறகும் எழுப்பவில்லை.

போன வருடம் குன்னூரில் ஒரு கலைக்கூடம் அவளுடைய ஆறு படங்களைக் காட்சிக்கு வைக்கக் கேட்டது. அதை நடத்தும் ராமகிருஷ்ணன் நல்ல மனிதர். கட்டபெட்டுக்கே வந்து, தரையில் உட்கார்ந்து டீ குடித்துப் படங்களைப் பார்த்தவர். இதே படங்களைச் சென்னைக்கும் கொண்டுபோகலாம், அங்கிருந்தும் பார்க்க ஆள் வருகிறார்கள் என்றார். படம் உருவாகும் விதத்தை நாலு வரியில் சொல்லச் சொன்னார். "காலைல வர்க்கி போடுவேன். மத்தியானம் செதுக்குவேன். மை போட்ட அன்னிக்கு மிதிப்பேன்" என்றாள் சரிதா. அவர் எழுதிக் காட்டிய பலகையில் 'மலையின் மௌனக் குரல்கள்' என்று இருந்தது. "மௌனமா? தங்கமணி குறட்டைய நீங்க கேட்டதில்லீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அது வரைக்கும் சிரிப்புத்தான்.

திறப்பு நாளன்று வேலை முடித்து, கையில் மாவு காய்ந்திருக்க, பஸ் பிடித்து வந்தாள். கூடத்துக்குள் நுழைந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். ஆறு துணிகளும் நெட்டுக்குத்தாகத் தொங்கின. படுத்திருந்த ஆறு பெண்களும் சுவரில் நின்றுகொண்டிருந்தார்கள். வீரம்மா ஒற்றைக்காலில், கன்னத்தில் கைவைத்து, விளக்கு வெளிச்சத்தில் நடனம் ஆடுகிறவர் மாதிரி இருந்தார்.

"சுவத்துல அகலம் பத்தல சரிதா. படுக்கை வாட்டுல போட்டா மூணுதான் வரும்" என்றார் ராமகிருஷ்ணன். "ஆனா இதுல ஒரு வேகம் வருது பாருங்க. எழுந்து நிக்கிறாங்க. அதுவும் ஒரு எழுச்சிதானே?"

"அவங்க எந்திரிக்கலீங்க. எந்திரிச்சது போதும்னுதான் படுக்க வெச்சேன்." சரிதாவின் குரல் ஏறவில்லை. "எங்கம்மாவ மறுபடியும் எழுப்பி விட்டுட்டீங்க."

"இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாரும் வந்துடுவாங்க. இன்னிக்கு ஒரு நாள் விடுங்களேன்."

அவள் மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். முதல் கிளிப்பைக் கழற்றினாள். இன்னொரு கலைக்கூடம் இனி எப்போது கூப்பிடுமோ, கூப்பிடாமலே போகுமோ என்ற பயம் இருந்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டாள். இருக்கட்டும் என்று அடுத்த கிளிப்புக்குக் கையை நீட்டினாள்.

"கழட்டி எங்க வெப்பீங்க?"

"கீழ."

"மிதிச்சிடுவாங்க சரிதா."

"தூங்கற ஆளச் சுத்திப் போகத் தெரியாதவங்க வரவே வேண்டாங்க."

"சென்னைக்காரங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"படுத்திருக்காங்கன்னு சொல்லுங்க."

ராமகிருஷ்ணன் கட்டியிருந்த கையைப் பிரித்தார். பிறகு வந்து, வீரம்மாவின் கால்பக்கத் துணியைப் பிடித்துக்கொண்டார். சுருக்கம் விழாமல் ஆறையும் இருவருமாகத் தரையில் விரித்தார்கள்.

வந்தவர்கள் முதலில் வாசலிலேயே தயங்கினார்கள். யாரோ ஒருவர் ஷூவைக் கழற்றினார். பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். துணிகளுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராக, சுவரில் கைவைத்துக்கொண்டு நடந்தார்கள். பேச்சு தானாகத் தணிந்தது. சென்னையிலிருந்து வந்த இருவர், தங்கள் கூடத்தில் தரையில் வைக்க வழியே இல்லை என்று சொல்லிவிட்டு, டீ குடிக்காமல் கிளம்பினார்கள். சென்னைக் காட்சி அதோடு முடிந்தது. ராமகிருஷ்ணன் வந்து சொன்னபோது சரிதா "சரிங்க" என்றாள். முகம் ஒரு நிமிஷம் வாடியது, அவ்வளவுதான்.

அதற்குள் கட்டபெட்டு பஸ்ஸில் பெண்கள் வந்து இறங்கினார்கள். தங்கமணி கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் வந்திருந்தாள். தன் படத்தின் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள்.

"ஏக்கா, இப்படியா வாயப் பொளந்துக்கிட்டு தூங்கறேன்?"

"பின்ன, குறட்டை எந்த வழியா வந்துச்சாம்?" என்றாள் சரிதா.

கூடம் சிரித்தது. தங்கமணி மட்டும் சிரிக்காமல், சுற்றி நின்றவர்களை நிமிர்ந்து பார்த்து, "நாந்தாங்க இது. லீவு அன்னிக்கு" என்றாள்.

பத்திரிகையிலிருந்து வந்த புகைப்படக்காரர் ஓவியரை ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். சுவர் காலியாக இருந்தது அவருக்குச் சங்கடமாக இருந்தது. "மேடம், அந்த வெள்ளைச் சுவர் பக்கம் நில்லுங்க. நிக்கற மாதிரி ஒண்ணு வேணும். ஒரு துணியக் கையில தூக்கிப் பிடிச்சீங்கன்னா போதும்."

சரிதா ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அம்மாவின் படத்துக்கு அருகே தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, தலைக்குக் கையை மடித்து வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். பிறகு, மேலேயிருந்து எடுக்க, ஏறி நிற்க ஒரு ஸ்டூல் கிடைக்குமா என்று மெதுவான குரலில் கேட்டார்.