குண்டறைக் கதவுகள்

தொண்ணூற்றொன்றில் எனக்கு வேலை போனது. ஹீத்ரோவுக்குப் பக்கத்தில், விமானங்களுக்குள் சாப்பாடு தள்ளிக்கொண்டு போகிற அலுமினிய வண்டிகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஏ லெவல் வரை படித்தவளுக்கு இது ஒரு வேலையா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எனக்கோ இரண்டு தகடுகள் ஒன்றாகிப் போகிற அந்தக் கணம் பிடித்திருந்தது. இங்கிலாந்தெங்கும் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த நேரம் அது. எங்களுடையதையும் மூடினார்கள்.

வேலை தேடித் தருகிற ஜொப் சென்டரில் இருந்த பெண் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"ரிவெட் தெரிந்த ஒருவரைத் தேடுகிறார்கள். ஆனால் அது பழைய போர் விமானம். உங்களுக்குப் பிடிக்குமோ தெரியாது."

மேற்கு லண்டனின் விளிம்பில் ஒரு பழைய தகரக் கொட்டகை. அதற்குள் இறக்கையும் வாலும் தனித்தனியாகக் கழற்றப்பட்டு ஒரு லங்காஸ்டர் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் நகரங்களின் மேல் இரவிரவாகக் குண்டு போட்ட கனரக விமானம். அதைத் திருத்திப் பார்வைக்கு வைப்பதற்காக ஒரு சிறிய அறக்கட்டளை பாடுபட்டுக்கொண்டிருந்தது. விமானப்படையில் பொறியியல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர்தான் அங்கே பொறுப்பாளர். அவர் என் கைகளைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தார்.

"நீங்கள் சின்ன உருவம். வாலுக்குள் நுழைவீர்களா?"

"நுழைவேன்" என்றேன்.

அப்படித்தான் சேர்ந்தேன். ரிவெட் அடிக்க இருவர் வேண்டும். வெளியே ஒருவர் துப்பாக்கி போன்ற காற்றுச் சுத்தியலைப் பிடிப்பார். உள்ளே மற்றவர் கனத்த இரும்புத் துண்டொன்றை ஆணியின் வாலோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். வெளியே ஓர் ஐரிஷ்காரர், உள்ளே நான். ஆணி சரியாக இருந்தால் நான் ஒருமுறை தட்டுவேன், இன்னொரு அடி வேண்டுமென்றால் இருமுறை. அவருடைய உச்சரிப்பு எனக்கும் என்னுடையது அவருக்கும் விளங்காத முதல் மாதங்களில் எங்கள் பேச்சே அதுதான்.

அந்த விமானம் ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. முதலில் அதை இரண்டே இயந்திரங்களோடு செய்தார்கள். அந்த இயந்திரங்கள் வானத்திலேயே சூடாகித் தீப்பிடித்தன. எதிரி சுடாமலே பையன்கள் செத்தார்கள். வடிவமைத்தவர் உடலைத் தூக்கி எறியவில்லை. இறக்கையை நீட்டி, நம்பகமான நான்கு இயந்திரங்களைப் பூட்டினார். அதே உடல் எழும்பிப் பறந்தது. வெவ்வேறு ஊர்களில் துண்டு துண்டாகச் செய்து கொண்டுவந்து பொருத்தக்கூடிய மாதிரி அதைப் பிரித்து அமைத்திருந்தார்கள். நான் கழற்றிய பழைய ஆணிகளில் பாதியையாவது அந்தக் காலத்துப் பெண்கள்தான் அடித்திருப்பார்கள்.

ஆனால் உள்ளே தவழ்ந்து திரிந்தபோது எனக்கு விளங்கியது வேறு. அந்த விமானம் மனிதருக்காகச் செய்யப்பட்டதல்ல. நீளமான ஓர் அறைக்காகச் செய்யப்பட்டது. மூக்குக்குப் பின்னால் தொடங்கி நடு உடலையும் தாண்டி, குறுக்கே ஒரு தடுப்புமில்லாமல் ஓடுகிற குண்டறை. பெரிய பெரிய குண்டுகள் தொங்க வேண்டும் என்பதற்காக அந்த இடம் முழுவதையும் விட்டுக்கொடுத்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் ஏழு பேரைத் திணித்திருந்தார்கள். இறக்கையைத் தாங்கும் இரும்புபோன்ற பெரிய உத்தரம் நடைபாதையின் குறுக்கே இடுப்பளவுக்கு நின்றது. பாரமான உடுப்போடு இருட்டில் அதை ஏறிக் கடக்க வேண்டும். வாலில் இருந்த துப்பாக்கிக்காரன் குளிரில் தனியே விறைத்தான். அவனுடைய பரசூட்டோ அவன் கைக்கு எட்டாமல், அவன் கூண்டின் கதவுக்கு அப்பால் விமான உடலுக்குள் தொங்கியது. மூக்கின் அடியில் தப்பிக் குதிக்க விட்டிருந்த ஓட்டைக்குள் நானே தோளைச் சரித்துத்தான் நுழைந்தேன்.

அப்போது ஊரில் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தின் மேல் அரசாங்கத்தின் விமானங்களிலிருந்து குண்டு விழுந்துகொண்டிருந்தது. அம்மாவும் தங்கையும் அங்கேதான். லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் கொண்டாட்டம் ஒன்றுக்கு நானும் கணவரும் போயிருந்தோம். எல்லோருக்கும் தெரிந்த பெரிய மனிதர் ஒருவர், கையில் வடையோடு என் முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, கேள்விப்பட்டது உண்மையோ? குண்டு போடுற பிளேனைத் திருத்திறீராம்?"

"ஓம் அண்ணை."

"ஊரிலை சனம் பங்கர்க் குழிக்குள்ளை கிடக்குது. நீர் இஞ்சை உதுக்குப் பொலிஷ் போடுறீர். வெக்கமில்லையோ?"

சுற்றி நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். என் கணவர் காகிதத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெக்கமில்லை அண்ணை. எங்கடை வீட்டுக்கு மேலை என்ன வந்து நிக்குது எண்டு எனக்குத் தெரிய வேணும். உள்ளுக்குப் போய்ப் பாக்கிறன். நீங்கள் எப்பவாவது பாத்தனீங்களோ?"

அவர் வடையைக் கடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் காருக்குள் என் கணவர் மெல்லத் தொடங்கினார்.

"சனம் கதைக்குது. வேறை வேலை பாரும். சவுத்தாலிலை தையல் வேலை இருக்குதாம்."

"சனம் கதைக்கட்டும். நான் விடமாட்டன்."

"உமக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?"

"பிடிவாதம் எண்டே வச்சுக்கொள்ளுங்கோ."

அவர் கெட்டவரல்ல. ஆனால் வெட்கமில்லையா என்ற அந்தக் கேள்வியை அவரும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது வலித்தது.

அடுத்த வருடம் தங்கை மட்டும் வந்து சேர்ந்தாள். கொழும்பு, பிறகு இரண்டு நாடுகள், கடைசியில் லண்டன். எங்கள் வீடு ஹீத்ரோவில் இறங்குகிற விமானங்களின் பாதைக்குக் கீழே இருந்தது. முதல் காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டதும் கோப்பையை வைத்துவிட்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள். நானும் கீழே குனிந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். இறங்குகிற பயணிகள் விமானம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்லப் பயந்துகொண்டிருந்தேன். கணவர்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டார். தங்கை சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போ அக்கா."

"வேண்டாமடி."

"நான் பாக்க வேணும்."

ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனேன். அப்போது உடலும் இறக்கையும் பொருத்தப்பட்டிருந்தன. குண்டறையின் பழைய கதவுகள் அரித்து உக்கிப்போயிருந்ததால் கழற்றியிருந்தோம். புதிய தகட்டில் அவற்றைத் திரும்பச் செய்துகொண்டிருந்தது நானும் ஐரிஷ்காரரும்தான். தங்கை இயந்திரங்களைப் பார்க்கவில்லை, துப்பாக்கிகளைப் பார்க்கவில்லை. நேராக நடுவில் போய், திறந்து கிடந்த குண்டறைக்குக் கீழே நின்று மேலே பார்த்தாள். வெறுமையான நீளமான குகை. கொக்கிகள் மட்டும் வரிசையாக.

"எங்களுக்கு மேலை சாமான் ஏத்துற பிளேனிலை குண்டைக் கொண்டுவந்து கதவாலை உருட்டிவிட்டவை" என்றாள். "இவை இதுக்கெண்டே ஒரு வீடு கட்டி வச்சிருக்கினம்."

பக்கத்தில் கிடந்த புதிய தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"நீ செய்யிற கதவைப் போட்டு இதை மூடிப்போடுவினமோ?"

"ஓம். பார்வைக்கு வைக்கேக்கை மூடித்தான் வைப்பினம்."

"மூடினா இது வடிவான ஒரு பிளேன். அவ்வளவுதான். கீழை நிண்டவைக்குத் தெரிஞ்சது இந்த இடம்தானே அக்கா."

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பொறுப்பாளரிடம் போனேன். கதவுகளைத் திறந்து வைத்துக் காட்ட வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது நினைவுச் சின்னம். இதில் ஏறிப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. அவர்களுக்கு மரியாதை செய்கிறோம்."

"அந்த மரியாதை எனக்கும் இருக்கிறது. அவர்கள் ஏறிக் கடந்த உத்தரத்தில் என் முழங்கால் ஒவ்வொரு நாளும் அடிபடுகிறது. ஆனால் அவர்கள் எதற்காகப் போனார்கள் என்பதை மூடிவைத்துவிட்டு என்ன மரியாதை?"

"இங்கே அரசியல் வேண்டாம்."

"அறையைக் காட்டுவது அரசியல் என்றால், மூடுவதும் அதுதான்."

அவருக்குக் கோபம் வந்தது. கதவுகள் மூடியே இருக்கும், முடிந்தது என்றார். நான் திரும்பிப் போய் வேலையைச் செய்தேன். வேலையில் குறை வைக்க மனம் வரவில்லை. அந்தக் கதவுகளில் அடித்த ஆணிகளைப் போல நேரான வரிசையை நான் முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. கதவுகளை அசைக்கும் பழைய ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்கள் வேலை செய்யாததால், அவற்றை இறக்கி ஏற்றக் கையால் சுற்றுகிற ஒரு விஞ்ச் பூட்டியிருந்தோம். அதைப் பூட்டியதும் நாங்கள்தான்.

திறப்பு விழா கோடையில் நடந்தது. வெயில் நன்றாக எறித்தது. பதக்கங்கள் குத்திய கிழவர்கள் மனைவிமாரோடும் பேரப்பிள்ளைகளோடும் வந்தார்கள். எங்களை வரிசையில் நிறுத்திப் படமெடுத்தார்கள். என் கணவரும் வந்திருந்தார். தங்கையும் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். புதிதாகக் கறுப்புப் பூசிய வயிற்றோடு விமானம் மினுங்கியது. ஒரு கீறல் கூடத் தெரியாமல் கதவுகள் மூடியிருந்தன. உண்மையில் வடிவாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பொறுப்பாளர் வாசலில் யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தார். நான் வரிசையிலிருந்து விலகி விஞ்சுக்குப் போனேன். ஐரிஷ்காரர் என்னைப் பார்த்தார். தடுக்கவில்லை. இறக்கைத் தகட்டில் விரலால் ஒருமுறை தட்டினார்.

கைபிடியைச் சுற்றினேன். கதவுகள் இரண்டும் மெதுவாகப் பிளந்து கீழிறங்கின. சிறுவர்கள்தான் முதலில் ஓடிவந்து கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு பெரியவர்கள். பொறுப்பாளர் ஓடிவந்து சேர்ந்தபோது குண்டறைக்குக் கீழே ஒரு கூட்டமே நின்றது. அவர்களுடைய தலைக்கு மேல் கதவை மூட முடியுமா?

"மூடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"ஆட்கள் நிற்கிறார்கள்" என்றேன்.

கிழவர் ஒருவர் ஊன்றுகோலோடு என்னிடம் வந்தார்.

"என் நண்பர்கள் இதற்குள் எரிந்தார்கள். உனக்கு அது தெரியுமா?"

"தெரியும். தப்புகிற ஓட்டை சின்னது. நானே கஷ்டப்பட்டுத்தான் நுழைந்தேன்."

அவர் எதிர்பார்க்கவில்லை. என்னை உற்றுப் பார்த்தார்.

"பிறகு ஏன் இதைத் திறந்தாய்?"

தங்கையைக் காட்டினேன். "இவள் கீழே நின்றவள். இந்தப் போரில் அல்ல, இன்னொன்றில்."

அவர் தங்கையைப் பார்த்தார். தங்கையும் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் கை குலுக்காமல் போய்விட்டார். அது அவருடைய உரிமை. ஆனால் அவரோடு வந்திருந்த இன்னொருவர் கூட்டத்துக்குள் நுழைந்து, குண்டறைக்குக் கீழே வெகுநேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் கதவுகள் மூடியிருந்தன. பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்டால் வேலை தொடரலாம் என்றார்.

"என்ன பிழைக்கு?"

"விழாவைக் கெடுத்ததற்கு."

"கதவு நன்றாகத் திறந்தது. நன்றாக மூடியும் இருக்கிறது. அதில் ஏதாவது பிழை இருந்தால் சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்கிறேன்."

அவர் என்னை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. வாலில் இன்னும் வேலை மிச்சமிருந்தது, அதற்குள் நுழையக்கூடிய வேறு ஆள் அவரிடம் இல்லை. அதற்குப் பிறகும் அறக்கட்டளையின் மாதக் கூட்டங்களில் கதவுகளைத் திறந்துவைக்கும்படியே கேட்டேன். முதலில் சிரித்தார்கள், பிறகு சலித்தார்கள், கடைசியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திறந்துவைக்க ஒப்புக்கொண்டார்கள். ஒரு நாள்தானா என்று கேட்டேன். பொறுப்பாளர் மேசையில் பேனையைப் போட்டார்.

"உங்களுக்கு எதுவுமே போதாதா?"

"போதாது" என்றேன்.