செருப்பு கழற்றும் இடத்தில் ஒரு நாற்காலி

பாதம் சுடாமல் போனதை, மன உறுதி என்றுதான் நான் முதலில் நம்பினேன். கத்திரி வெயிலில் வெறுங்காலோடு மொட்டைமாடிக்குப் போய்த் துணி எடுத்து வருவேன். நாற்பத்தொன்பது வயதில் சித்தராகிக்கொண்டிருப்பதாக நினைப்பு.

"சித்தரா? போன வாரம் ரத்தம் எடுக்கும்போது நீங்க கத்தின கத்துல அந்தப் பொண்ணே பயந்துடுச்சு" என்றாள் மனைவி மாலா.

முடிச்சூரில் எங்கள் சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போனபோது, செவிலியர் ஸ்டெல்லா உட்காரவைத்து, கையில் ஒரு நைலான் இழையோடு குனிந்தார். "தொட்டா சொல்லுங்க சார்."

காத்திருந்தேன். "ஆரம்பிக்கலாமே சிஸ்டர்."

"முடிச்சுட்டேன் சார்."

பெருவிரலுக்கடியில் புண் இருந்தது. என் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஏறி நின்றது ஓர் ஆணி.

நரம்புச் சேதம் (சர்க்கரை மிகுந்து பாதத்தின் உணர்வு மங்குவது). புண் ஆற ஆறு வாரம். விரலை வெட்டிவிடுவார்கள் என்ற பீதியில் தினமும் அதைப் படமெடுத்து வைத்தேன். ஒரு படம் தவறிப்போய் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குச் சென்றுவிட, "இது என்னா கிழங்கு?" என்று கேட்டார் மாலாவின் அக்கா.

புண் ஆறிய வாரமே ஸ்டெல்லாவுக்குக் கூடுவாஞ்சேரிக்கு மாற்றல். பாதம் பார்க்கும் வழக்கமே அவர் கொண்டுவந்தது. அதற்கு முன்பும் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் மருத்துவரிடம் போனோம். ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை. அவர் போனால் வழக்கமும் போகும், அடுத்து என் விரலும் போகும். மாற்றலை நிறுத்தக் கையெழுத்து வேட்டையில் இறங்கினேன்.

ஸ்டெல்லா தாளைப் பிடுங்கினார். "நான் ஜுரத்துல படுத்தா உங்க சர்க்கரையும் லீவு போடுமா சார்? ஆளை நம்பாதீங்க. யார் வந்தாலும் நடக்கிற மாதிரி பண்ணணும்."

மூன்று பேர் உட்கார்ந்தோம்: அவர், மருந்து கொடுக்கும் பாஸ்கர், பீதியின் பிரதிநிதியாக நான். உள்ளறையில் இருந்த நாற்காலி, செருப்பைக் கழற்றியதுமே பாதம் பார்க்க வசதியாக, செருப்பு கழற்றும் இடத்துக்கு வந்தது. மாத்திரை நோட்டில் 'பாதம்' என்று புதிதாக ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் பாஸ்கர் ஆளை நாற்காலிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாளே இழை பிடிக்கக் கற்றுத்தர வேண்டும். ஆளுயர பேனர் வைக்கலாம் என்ற என் யோசனை மட்டும் தள்ளுபடி.

"பேனர்ல யார் போட்டோ சார் போடுறது? உங்க விரலோடதா?" என்றார் பாஸ்கர்.

ஸ்டெல்லா போன மூன்றாம் மாதம், அவசரத்தில் நேராக மருந்து ஜன்னலுக்குப் போனேன்.

"கட்டம் காலியா கீது சார்."

"நாமளே போட்ட ரூல்தானே பாஸ்கர்!"

"அதான் சொல்றேன். போய் உக்காருங்க."

புதிய செவிலியர் ஸ்டெல்லாவைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் குனிந்தார். சுண்டுவிரலுக்கடியில் கொப்புளம். எனக்குத் துளியும் தெரிந்திருக்கவில்லை.

என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்களுக்குச் சொல்கிறேன்: இப்போதெல்லாம் காலையில் முகத்துக்கு முன் பாதத்தைத்தான் கண்ணாடியில் பார்க்கிறேன். மாதம் எனக்கு முதல் தேதியில் பிறப்பதில்லை, மாத்திரை நாளில் பிறக்கிறது. அந்தக் கொப்புளம் பன்னிரண்டு நாளில் ஆறியது. விரலை யாரும் வெட்டவில்லை.