பெரியப்பா பார்த்துக்கொண்ட ஆறு

கரமனை ஆற்றைக் காவல் காக்கச் சொல்லி யாரும் பெரியப்பாவைக் கேட்கவில்லை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதுமே படித்துறைப் படிகளில் கீழிருந்து மேலாகச் சிவப்புப் பெயின்ட்டால் எண் எழுதி, அந்தப் பொறுப்பைத் தாமே எடுத்துக்கொண்டார். நகரம் முழுக்கக் குடிக்கிற தண்ணீர் ஆயிற்றே, ஒருவராவது கவனிக்க வேண்டாமா என்பார். மழைக்காலத்தில் அவரைக் கேட்காமல் எங்கள் தெருவில் யாரும் ஒரு பாயைக்கூட மாடிக்கு ஏற்றுவதில்லை.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது ஒரு ஐப்பசியில் விடாமல் பெய்தது. மேலே அணையின் ஷட்டரைத் திறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் லீவு. பெரியப்பா குடையோடு படித்துறையில் நின்று, கைபேசியில் தெருவுக்கே மலையாளம் கலந்து தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒன்பதாம் படி இன்னும் முங்கலை. பேடிக்க வேண்டாம், கேட்டோ!"

அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஃபிரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்றலாமா என்றாள். அண்ணா சொல்லாமல் எதற்கு என்றார் அப்பா. அரிசிப் பானையை மட்டும் அம்மா தன் கையாலேயே பரணில் ஏற்றினாள்.

சற்று நேரத்தில் அடுக்களைச் சாக்கடைக் குழாய் களகளவென்று சத்தம் போட்டது. வெளியே போக வேண்டிய தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. வீட்டின் பின்னால் ஓடும் ஓடை, நிரம்பி ஓடிய ஆற்றில் இறங்க வழியில்லாமல் திரும்பிவிட்டதாம்.

"ஓடிப் போய்ப் பெரியப்பாகிட்ட சொல்லு, அடுக்களைல தண்ணி வரதுன்னு," என்று அம்மா என்னை விரட்டினாள்.

பெரியப்பா படியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆறு இங்கே இருக்கு. அங்கே எப்படித் தண்ணி வரும்? அம்மா பைப்பை மூட மறந்திருப்பா, போய்ப் பாரு."

போய்ச் சொன்னேன். அம்மா கணுக்கால் நீரில் நின்றபடி கேட்டுக்கொண்டாள்.

டிஃபனுக்கு வந்த பெரியப்பா, "சொன்னேனோல்லியோ, ஆறு தெருவுக்கு வராது!" என்றபடி கூடத்துக்குள் காலை வைத்தார். சளக். காலி தோசைமாவுப் பாத்திரம் ஒன்று மிதந்து வந்து அவர் காலில் இடித்து நின்றது. உள்ளே ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி ஓய்ந்தது.

பாத்திரத்தைக் காலால் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "இது ஆத்துத் தண்ணி இல்லை. ஓடைத் தண்ணி. இது கணக்குல வராது."

"சரிதான் அண்ணா," என்றார் அப்பா.

அம்மா அடுக்களை மேடைமேல் ஏறி உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பெரியப்பா வீட்டில் இருக்கும்போது அவள் உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு வெள்ளம் என்றால் அவ்வளவு இஷ்டம் போலிருக்கிறது என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.