உள்ளே நாற்காலி, வெளியே இரும்பு

கொல்லர் மருமகனோடு சண்டை போட்டுக்கொண்டு, பேத்தி முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டதாக முடிதிருத்தும் கடையில் பேச்சு. கன்னத்தில் கத்தி இருக்கும்போது யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆகவே அங்கே சொல்லப்படுவதெல்லாம் உண்மையாகிவிடுகிறது. குழந்தை பிறந்து நான்கு மாதமாகிறது, பஸ் ஏறினால் ஆறு மணி நேரம், தாத்தா இன்னும் போகவில்லை. இது வரை நிஜம். மீதியை அவரிடமே கேட்டுவிடலாம் என்று போனேன்.

"மருமகனா? தங்கமான பையன். வாரத்துக்கு ரெண்டு தடவை போன் பண்ணி, எப்ப மாமா வர்றீங்கன்னு கேக்குறான்" என்றார், என் பக்கம் திரும்பாமலே. ஒரு சம்மட்டியை உலையில் லேசாகக் காட்டி, கை பொறுக்கும் சூட்டில் தேன்மெழுகும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த களிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆறினால் இரும்பின் மேல் தோல்போல் படிந்துவிடும். மழையே வந்தாலும் வழுக்கிக்கொண்டு போகுமாம்.

அவர் பட்டறை என்பது வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. மூன்று பக்கமும் சுவர், தலைக்கு மேல் நாலடித் தகரம். சாரல் அடித்தால் தகரம் வேடிக்கை பார்க்கும். தரையில் படாமல் மரச்சட்டத்தில் பதினான்கு இடுக்கி, ஒன்பது சுத்தியல், ஒரு வரிசை உளி. எதிரே கான்கிரீட் கூரையும் ஜன்னலுமாக அருமையான அறை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதற்குள் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, வாடகைக்கு விடும் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஊரிலேயே துருப்பிடிக்க வாய்ப்பில்லாத பொருள் அதுதான், கூரையும் அதற்குத்தான்.

"நாற்காலி வெயில்ல வெளுத்துடும் மாமா. இரும்புக்கு என்ன, கெட்டிச் சாமான்" என்று மச்சான் சொல்லிவிட்டார். வீடு மச்சானுடையது. கொல்லர் மனைவியோடு மாடியில் இருப்பது வாடகையில்லாமல். வாயைத் திறந்தால் மாடி போய்விடும்.

போன வருடம் குடலிறக்க ஆபரேஷனுக்கு நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கிளம்புமுன் எல்லாவற்றையும் தார்ப்பாயால் சுற்றி, காற்றுப் புகாமல் கயிறு போட்டு இறுக்கியிருந்தார். "அதான் நான் செஞ்ச முட்டாத்தனம். தரை ஈரம் உள்ளயே வேர்த்துடுச்சு. பிரிச்சா, இடுக்கி ஒண்ணுகூட வாயத் திறக்கல." தேய்த்து எடுக்க இரண்டு மாதம். அதன்பின் மேலே மட்டும் மூடி, கீழே காற்றுக்கு வழிவிட்டு, தினமும் காலையில் உலர்ந்த துணியால் துடைக்கிறார். ஒரு நாள்கூட நகரவில்லை.

"யாரிடமாவது விட்டுப் போகலாமே?"

"கை சரியில்லையே. சிலருக்கு வேர்வையில உப்பு ஜாஸ்தி. தொட்ட இடம் மறுநாள் செவந்துடும். என் வீட்டுக்காரி தொட்ட சுத்தியலப் பாருங்க, அஞ்சு விரலும் இருக்கு. போலீஸ்கூட இவ்வளவு தெளிவா ரேகை எடுக்க மாட்டாங்க."

மாடியிலிருந்து குரல் வந்தது: "அந்தக் கையால ஆக்கிப் போட்டதத்தான் முப்பது வருஷமா சாப்புடுறீங்க. உள்ள எங்கயாவது துருப்பிடிச்சுதா?"

"கையுறை போட்டுக்கொண்டால்?" என்றேன்.

"விரலுக்கு ஈரம் தெரியாது."

மச்சான் கையைச் சோதிக்கவில்லை. வேலை செய்து வியர்த்த வரலாறு அதற்குக் கிடையாது.

கடைசியில் மனைவிதான் சந்து முனைத் தையல்காரரை இழுத்து வந்தார். பல வருடமாக ஊசி பிடிக்கிற கை. ஒரு ஊசிகூடக் கறுத்ததில்லை. பளபளக்கும் உளியில் அவர் கட்டைவிரலை அழுத்தி எடுக்கச் சொல்லி, உளியை விடியும்வரை அப்படியே வைத்தார் கொல்லர். காலையில் உளி கண்ணாடியாக இருந்தது. கொல்லர் அதை வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சாக்கு எதுவும் அகப்படவில்லை. மூன்று நாள் இருந்துவிட்டு வருவதாக மகளிடம் சொல்லி பஸ் ஏறினார்.

அன்று சாயங்காலத்துக்குள் தையல்காரருக்கு ஏழு போன். ஏழாவது வந்தபோது நானும் அவர் தையல்கடையில் இருந்தேன்.

"இடுக்கி மூட்டுக்குள்ள துணி விட்டீங்களா?"

"விட்டேன்யா. கொழந்த எப்படி இருக்கு?"

"தூங்குது. வானம் எப்படி இருக்கு?"

தையல்காரர் அண்ணாந்து பார்த்து, பொய் சொல்லத் தெரியாத மனிதர், "கறுக்குது" என்றுவிட்டார். மறுநாள் மத்தியானமே கொல்லர் சந்தில் நின்றிருந்தார். கருவிகள் அத்தனையும் உலர்ந்து, சுத்தமாக இருந்தன. அது அவருக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

"என் விரலப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல" என்றார் மெதுவாக. "ஈரக் கை. அப்படியே அவ பாட்டி கை."

அப்போது மகள் போனில் வந்தாள். ஸ்பீக்கர் என்பதால் சந்துக்கே கேட்டது. "மூணு நாள்னு சொல்லிட்டு ஒரு ராத்திரிதான் தங்குனீங்க. எம் பொண்ணுக்கு ரெண்டு நாள் பாக்கி இருக்குப்பா."

"குடுத்துடுறேம்மா."

"எப்ப?"

"மழை விடட்டும்."

மழை விட்டு ஐந்து வாரமாகிறது. இப்போது பனி விழுகிறதாம்.