அமாவாசைக்கு ஒரு சோப்பு அல்வா

உரிமம் வழங்கும் அலுவலகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். குற்றாலத்தில் வீட்டிலேயே சோப்பு செய்யும் ஓர் அம்மாளுக்கு உரிம விண்ணப்பம் நிரப்பப் போனேன்.

மேசை நிறைய ஜாங்கிரி, கேக் துண்டு, நெய் மினுங்கும் அல்வா, எல்லாமே சோப்பு. ஒல்லியான அந்த அம்மாள் எதை எடுத்தாலும் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

"விக்கதெல்லாம் பொறவுதான் சார். மொதல்ல அவுகளுக்காகத்தான் செஞ்சேன்" என்று கணவரின் படத்தைக் காட்டினார். "சுகர்ல போனாக. கடைசியா ஒரு துண்டு அல்வா கேட்டாக, நான் குடுக்கல. இப்ப அமாவாசைப் படையல்ல சோப்பு அல்வாதான் வைக்கேன்."

"செத்த பிறகுமா பத்தியம்?"

"சுகர் சுகர்தானே சார்."

படையல் வைத்துக் கதவைச் சாத்தித் திறந்தால், அல்வாவின் ஓரம் குறைந்திருக்குமாம்.

"சாரல் காலம். சோப்பிலுள்ள கிளிசரின் ஈரத்தை இழுக்கும், ஓரம் கரையும்" என்று விளக்கினேன்.

அவர் நேற்றுப் படைத்த அல்வாவைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் வரிசையாகப் பல் தடம். நடுவில் ஒரு பல்லுக்கு மட்டும் தடமில்லை. நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லாமல் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சோப்புன்னு தெரிஞ்சும் திங்காகளே! அடுத்த தடவ நெஜ அல்வாவே வச்சிரட்டா சார்?"

எந்த விதியும் நினைவுக்கு வரவில்லை. "வச்சிருங்கம்மா" என்றேன்.

எனக்கும் சுகர் உண்டு. நாளைக்கு என் படையலிலும் சோப்பு வந்துவிடக் கூடாதே என்று, அந்த அம்மாள் கொடுத்தனுப்பிய ஜாங்கிரி சோப்பை மனைவி கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறேன்.